ட்ரஸ்டி வந்த நாள்

2025 யூன் 6, வெள்ளி

இன்று, நான் படிக்கும் மாலை வகுப்பில் எழும்பிப் பேசும்போது ஒரு சிறிய பிழை விட்டேன். எங்கள் கல்விச்சபையில் வாக்களிக்கும் உறுப்பினர்கள் ஏழு பேர் என்று சொல்லிவிட்டேன். ஆறு பேர்தான். ஏழாவது நாற்காலி மாணவர் பிரதிநிதியுடையது. அந்தப் பிள்ளை கூட்டத்தில் பேசலாம், வாக்களிக்க முடியாது. படிப்பிக்கும் யூஜினி மிஸ் கவனிக்கவில்லை. வகுப்பில் வேறு யாரும் கவனிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கே உறைத்தது. அடுத்த கிழமை எழும்பித் திருத்திச் சொல்ல வேண்டும். சிறிய பிழைதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வராது.

மற்றபடி நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். நீங்கள் வேலை செய்யும் இடத்தை யார் ஆளுகிறார்கள், காசு எங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் மிஸ் தந்த தலைப்பு. நகரத்தின் விளிம்பில், எட்டுப் பள்ளிக்கூடங்களை மட்டும் வைத்திருக்கும் சிறிய சபை எங்களுடையது. தேர்தலில் வென்று வரும் ட்ரஸ்டிமார்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார்கள் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் காசு மாகாண அரசாங்கத்திலிருந்து பிள்ளைகளின் தலையை எண்ணி வருகிறது. ட்ரஸ்டிமார் செய்வது வந்ததைப் பிரிப்பது. பெரிய சபையில் ஒரு பிள்ளைக்கு ஆகும் கூடுதல் செலவு ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குள் கரைந்துவிடும். எங்களுடையதில் கரையாது. விசேட உதவிச் செலவு ஒதுக்கியதைவிட இவ்வளவு கூடிப்போய்விட்டது என்று கூட்டத்தில் வாசிக்கும்போது, எந்தப் பிள்ளை என்று மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இதுவரைக்கும் வகுப்பில் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். ஒழுங்காக எழுதினால் நான் செய்தது சரியா பிழையா என்று எனக்கே தெரியவரும் என்று ஒரு எண்ணம்.

நான் அந்த எட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒப்பந்த வேலை. தொலைபேசி எடுப்பது, பிந்தி வரும் பிள்ளைகளைப் பதிவது, தமிழ்ப் பெற்றோரோடு பேசுவது. குடியிருப்பது டோர்செட் பார்க்கில், மூன்று பேரோடு பங்கு போட்ட அப்பார்ட்மென்டில். நால்வருக்கும் வேறு வேறு வேலை நேரம். குளிர்சாதனப் பெட்டியில் பால் பெட்டிகளின் மேல் எழுதியிருக்கும் பெயர்களைத்தான் நான் அதிகம் பார்ப்பது, ஆட்களையல்ல. அண்ணா மிசிசாகாவில் இருக்கிறார். கார் இல்லாமல் வருவது கஷ்டம் என்று இருவரும் சொல்லிக்கொள்கிறோம். அவரிடம் கார் இருக்கிறது.

நிரூபா எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பேசமாட்டாள். ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருப்பாள், தேனீ பறப்பதுபோல. சத்தம் கூடினால் கத்துவாள், கதவைத் தேடி ஓடுவாள். அவளோடு எப்போதும் ஒரு உதவியாளர் இருக்க வேண்டும். தாய் அருள்மலர் மட்டக்களப்பு. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை. தகப்பன் இவர்களோடு இல்லை. தினமும் காலையில் மகளை அலுவலக வாசலில் விட்டுவிட்டு, ஓடும் அவசரத்திலும் என்னைப் பார்த்து, "என்ன புள்ள, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். நான் பதில் சொல்வதற்குள் போய்விடுவார். அன்றைய நாளில் என்னைப் பற்றி யாராவது கேட்கும் ஒரே கேள்வி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் மாதம் ட்ரஸ்டி உமாபதி எங்கள் பள்ளியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. சென்ற வருட மாகாணப் பரீட்சையில் கணிதத்தில் முன்னேறியது எங்கள் சபையில் எங்கள் பள்ளி ஒன்றுதான். மேலதிகாரி ஒருவரும் பத்திரிகைப் படப்பிடிப்பாளரும் கூட வருவார்கள். முதல் நாள் பின்னேரம் அதிபர் கிளிபோட் சேர் என் மேசைக்கு வந்தார்.

"நிரூபான்ர உதவியாளர் நாளைக்கும் வரமாட்டாவாம். காய்ச்சலாம். பதிலுக்கு ஆள் கேட்டன், ஒருத்தரும் இல்லையாம்."

"அப்ப என்ன சேர் செய்யிறது?"

"என்ன செய்யிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அமைதியா இருந்திட்டால் காணும்" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. பிறகு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. அவர்மீது பழி வரக் கூடாது என்பதால் இதைத் தெளிவாக எழுதுகிறேன்.

நான் அருள்மலர் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். நாளைக்கு நிரூபாவை அனுப்ப வேண்டாம், இங்கே பார்க்க ஆளில்லை என்றேன்.

"நாளைக்கா? திடீரெண்டு லீவு கேட்டா வேலையே போயிரும் புள்ள."

"ஒரு நாள்தானே அக்கா."

பின்னால் நிரூபா முனகுவது கேட்டது.

"ஸ்கூல் சொன்னா என்ன செய்யிற. சரி புள்ள."

இப்படித் தொலைபேசியில் ஒரு பிள்ளையை வரவேண்டாம் என்று சொல்லும் உரிமை எந்தப் பள்ளிக்கும் இல்லை. அது எனக்குத் தெரியும். கத்தக்கூடிய பிள்ளைகள் அந்த வகுப்பில் இன்னும் இருவர் இருந்தார்கள். அவர்களுடைய பெற்றோர், காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேட்பார்கள். எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால் எழுந்து நின்று பேசுகிறவர்கள் நாங்கள். அதனால் அவரை அழைத்தேன். வேறு விரோதம் ஒன்றும் இல்லை.

வருகை நன்றாக நடந்தது. உமாபதி மூன்றாம் வகுப்பின் வாசலில் நின்று, "என்ன கிளிபோட், ஒரு சத்தத்தையும் காணேல்லை. பிள்ளையளின்ர வாயைக் கட்டிப்போட்டியளோ?" என்றார்.

"உங்களைக் கண்டு பயந்திட்டினம்."

"எனக்கு வாக்குப் போட்ட நானூறு பேரும் என்னைக் கண்டு பயப்பிடேல்லை. இதுகள் ஏன் பயப்பிடுதுகள்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படத்தில் ஓரமாக நிற்கிறேன்.

அருள்மலர் அக்கா அன்று வேலைக்குப் போயிருந்தார். தொலைக்காட்சியைப் போட்டு, சாப்பாட்டை மேசையில் வைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். பூட்டைத் திறக்க நிரூபா எப்போது பழகினாள் என்று தெரியாது. மழை பெய்த பிரதான வீதியின் நடுவில் வெறுங்காலோடு நின்றவளைக் கண்டு ஒரு லொறிச் சாரதி வாகனத்தைக் குறுக்கே நிறுத்தினார். பொலிஸ் வந்தது. அவள் மேலில் ஒரு கீறல்கூட இல்லை. இதை நான் அடிக்கடி எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

சிறுவர் நல அலுவலகம் அவளைப் பொறுப்பெடுத்து ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விட்டது. இரண்டு நாள் கழித்து அந்த அலுவலகத்துப் பெண் எங்கள் பள்ளிக்கு வந்து தாயைச் சந்தித்தார். ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அருள்மலர் அக்காவுக்கு வேலையிடத்து ஆங்கிலம் வரும், அதிகாரிகள் முன்னால் தொண்டையில் நின்றுவிடும். அவரே என்னைக் காட்டினார். நான் நடுவில் இருந்தேன்.

பிள்ளை ஏன் அன்று பள்ளிக்குப் போகவில்லை என்று அந்தப் பெண் கேட்டார்.

"இந்தப் புள்ளதான் போன் எடுத்து அனுப்ப வேணாம் எண்டு சொன்னவ. ஸ்கூல் சொன்னதத்தான் நான் கேட்டன். இல்லாட்டி என்ர புள்ளையத் தனிய விடுவனா? அத வடிவாச் சொல்லுங்க புள்ள."

அன்று மகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியாமல் போய்விட்டதாகத் தாய் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பெண் தலையாட்டி, முகத்தைச் சற்று இறுக்கிக்கொண்டார்.

"சொன்னீங்கதானே?"

"சொன்னனான் அக்கா."

"சொல்லியும் இந்த மனுசிக்கு இரக்கமில்ல பாருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விடுவிக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்தேன். சொல்லியிருந்தால் கிளிபோட் சேருக்குச் சிக்கல். என் ஒப்பந்தம் போகும். சிறிய சபை, பத்திரிகையில் நல்லபடியாக வந்து அப்போதுதான் இரண்டு நாள். மூன்றும் நியாயமான காரணங்கள். அந்த நேரம் மூன்றில் ஒன்றாவது என் மனதில் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு அருள்மலர் அக்காவுக்கு என்னைத் தவிர ஆளில்லை. வகுப்பில்லாத நாட்களில் வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போவேன். மீன் குழம்பு வைத்துக் காத்திருப்பார். யார் என்ன சொன்னார்கள், ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்பார். பதிலைக் கேட்பதற்காக உட்கார்ந்தும் இருப்பார். இவ்வளவு தடவை யாரும் என்னைப் புள்ள என்று கூப்பிட்டதில்லை. இரவில் பஸ் ஏறும்வரை கூட வந்து நிற்பார்.

கிழமைக்கு ஒரு தடவை நிரூபாவைப் பார்க்க அனுமதி. அதற்கும் நான்தான் கூடப் போவது. வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று அலுவலகம் கேட்டபோது, "எனக்கு என்ர புள்ள போதும்" என்று சொல்லிவிட்டார். அதை மட்டும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். நிரூபா இப்போது முனகுவதில்லை. போன தடவை தாய் அவளைப் பார்த்துவிட்டு, "என்ர புள்ள அடங்கிப்போயிட்டாள். இது என்ர புள்ளையே இல்ல" என்று அழுதார். மகள் அமைதியாக இருப்பதைக் கண்டு தாய்க்கு மனம் நெகிழ்ந்துவிட்டது என்று சொன்னேன். அந்தப் பெண் கண் துடைக்கக் காகிதக் கைக்குட்டையை எடுத்துத் தாயிடம் நீட்டினார்.

இன்று மதியம் அதே பெண் எங்கள் பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வழக்கு அடுத்த கிழமை நீதிபதி முன் வருகிறது. தாய் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்ன ஏதோ ஒன்று மனதில் உறுத்துகிறதாம். பள்ளியிலிருந்து யாராவது பிள்ளையை வீட்டில் வைத்திருக்கச் சொன்னார்களா? அப்படியென்றால் எல்லாமே வேறு மாதிரி ஆகிவிடும், இந்த மாதத்துக்குள் பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிடலாம் என்றார். நல்ல குரல் அவருக்கு. அவசரப்படுத்தவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளிபோட் சேர் ஒரு பிள்ளையின் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். சேரைப் பற்றியோ ஒப்பந்தத்தைப் பற்றியோ நான் அப்போது நினைக்கவில்லை. நிரூபா திரும்பி வந்தால் அக்காவுக்குப் பின்னேரங்களில் நேரம் இருக்காது என்று நினைத்தேன். காலையில் ஓடிக்கொண்டே கேட்கும் அந்த ஒரு கேள்விதான் எனக்கு மிஞ்சும்.

அப்படி யாரும் சொல்லவில்லை என்றேன். எனக்குத் தெரிந்திருக்கும், அழைப்பதெல்லாம் நான்தான் என்றும் சொன்னேன். அவர் நன்றி சொன்னார்.

வகுப்புக்குப் போகும் வழியில் அருள்மலர் அக்கா அழைத்தார். பிள்ளைக்கு வரும் அரசாங்க உதவி நின்றுவிட்டதாம், வாடகை தனியே சமாளிக்க முடியவில்லையாம்.

"ஏன் புள்ள அங்க ஆளில்லாத வீட்டில கிடக்கிறீங்க? இங்க வந்திருங்க. அவள் வரும்வரைக்கும் அறை சும்மாதானே கிடக்கு."

பிள்ளையின் அறை பிள்ளைக்காகத் தயாராக இருக்க வேண்டும், நீதிபதி அதைக் கட்டாயம் கேட்பார் என்று அந்தப் பெண் போன சந்திப்பில் சொல்லியிருந்தார். அதை நான் அக்காவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவர் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த நிலையில் அவரைத் தனியே விட எனக்கு மனமில்லை. அவருக்கு யார் இருக்கிறார்கள்?

நாளை சனி. காலையில் போய் நிரூபாவின் சின்னக் கட்டிலைக் கழற்ற வேண்டும். மதியத்துக்கு முன் என் இரண்டு பெட்டிகளையும் அந்த அறையில் வைத்துவிட வேண்டும்.