முனை தெரியுதாம்மா?

ஆஷ்லின்: மறுபடியும் கழுத்த சாய்க்கிற பாரு.

செல்வி: எங்கடி சாய்ச்சேன்?

ஆஷ்லின்: இப்பத்தான். கன்னம் தோளுக்கு போவுது. இது ரைபிள் இல்லம்மா, பிஸ்டலு. கன்னம் வெச்சிக்க கட்டையே கெடையாது.

செல்வி: இருவது வருஷமா ரைபிளோட குடும்பம் நடத்தியிருக்கேன். கழுத்து தானா போவுது, நான் இன்னா பண்ண?

ஆஷ்லின்: எடது கை வேற முன்னாடி போவுது. அங்க இன்னாத்த தேடுற?

செல்வி: புடிக்கத்தான்...

ஆஷ்லின்: நாளைக்கு அங்க புடிச்சா உள்ளங்கையில ஓட்டை தான். கீழ எறக்கு. வலது கைய அப்டியே மூடு... ஐயோ, செபத்துக்கு கூப்புற மாதிரி இல்லம்மா. இறுக்கமா.

செல்வி: தெளிவா சொல்லித் தொலையேன். சரி, இப்டியா?

ஆஷ்லின்: ம்... அந்தப் பக்கம் எதுக்கு திரும்புற? குறி பாக்குற பேப்பரு கதவுல ஒட்டியிருக்கேன்.

செல்வி: கதவுக்கு பக்கத்துல மாதா படம் இருக்குது. அதுக்கு நேரா நீட்ட மாட்டேன்.

ஆஷ்லின்: குண்டும் இல்ல, காத்தும் இல்ல. எங்க ஷூட்டிங் கிளப்புலேர்ந்து கேட்டு வாங்கிக்கினு வந்த ஏர் பிஸ்டலு. நீயே நாலு வாட்டி தெறந்து பாத்துட்ட.

செல்வி: இன்னும் நாலு வாட்டி பாப்பேன். ஏட்டம்மா வூட்ல காலி துப்பாக்கின்னு ஒண்ணு கெடையாது. பேப்பர பீரோவுல ஒட்டு.

ஆஷ்லின்: பேஜாரும்மா உன்னோட... இந்தா, ஒட்டிட்டேன். விரல் நுனி மட்டும் ட்ரிக்கர்ல வை. மெதுவா அமுக்கு.

செல்வி: அமுக்கிட்டேன்.

ஆஷ்லின்: அமுக்கல, புடுங்குன. துப்பாக்கியே தலைய குனிஞ்சிடுச்சு. ட்ரிக்கர் எப்ப வுடும்னு உனக்கே தெரியக்கூடாது, அவ்ளோ மெதுவா.

செல்வி: சின்னதுல உனக்கு மூக்கு சிந்தி வுடுவேனே, அந்த மாதிரியா?

ஆஷ்லின்: நீயா மெதுவா சிந்துன? மூக்கு கையோட வரல, அது என் அதிர்ஷ்டம்.

செல்வி: சிரிக்க வெக்காதடி, கை ஆடுது. நாளைக்கு ரேஞ்சுல இப்டி ஆடுனா போச்சு. கோர்ட்டு டூட்டிக்கு பிஸ்டல் ஃபயரிங்ல தேறணும். தேறலன்னா விழுப்புரம் ஆயுதப்படையிலயே கெட, அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் கோயில் கூட்டத்துல பந்தோபஸ்து நில்லு.

ஆஷ்லின்: தேறுனா திண்டிவனம் கோர்ட்டு. வூட்லேர்ந்து நடந்தே போலாம். அதான் சொல்லிக்குடுக்கிறேன்ல. நீட்டு. குழாய் நுனியில நிக்குதே, அந்த முனை தெரியுதா?

செல்வி: தெரியுது.

ஆஷ்லின்: நல்லா தெரியுதா?

செல்வி: தெரியுதுன்னா...

ஆஷ்லின்: முனையில நெயில் பாலிஷ் வெச்சிருக்கேன். இன்னா கலரு?

செல்வி: வெள்ளை.

ஆஷ்லின்: பச்சை. எதிர்வூட்டு கலைப்பிரியாகிட்ட வாங்குனது. கிளிப்பச்சை. எத்தினி நாளா இப்டி மங்குது?

செல்வி: ஒரு வருஷம் இருக்கும். தூரத்துல எல்லாம் பளிச்சுனு தெரியுது. கைக்கிட்ட தான் மங்குது. கண்ணாடி கூட வாங்கிட்டேன். பைக்குள்ள கெடக்குது.

ஆஷ்லின்: வாங்கிட்டு போடாம?

செல்வி: அத போட்டா முனை தெரியுது, பேப்பரு மங்கிடுது. கழட்டுனா பேப்பரு தெரியுது, முனை மங்கிடுது. எத பாத்து சுடுறது? கேட்டா சிரிப்பானுங்க. கண்ணு போன ஏட்டம்மாவுக்கு எதுக்கு பிஸ்டலுன்னு...

ஆஷ்லின்: மா, பேப்பரு மங்கலாத்தான் தெரியணும்.

செல்வி: இன்னா?

ஆஷ்லின்: நாங்க எல்லாருமே அப்டித்தான் சுடுறோம். முனை தெளிவா, பேப்பரு புகையாட்டம். எங்க டீம்ல பாதி பேரு கண்ணாடி.

செல்வி: ஒரு வருஷமா இத தெரியாமலாடி...

ஆஷ்லின்: ஜல்தியா எடுத்து போடு... ம். இப்ப?

செல்வி: பச்சை. கிளிப்பச்சை தான்.

ஆஷ்லின்: அதையே பாரு. பேப்பர மறந்துடு. மெதுவா... மெதுவா...

செல்வி: ... வுட்டுடுச்சா? நான் அமுக்குனதே தெரியல.

ஆஷ்லின்: முனை ஆடவே இல்லம்மா. அவ்ளோ தான்.

செல்வி: இரு, இன்னோரு வாட்டி.

ஆஷ்லின்: மா... இந்தக் கோர்ட்டு டூட்டி எனக்காகத்தான் கேட்டியா?

செல்வி: பின்ன? அப்பா போனதுலேர்ந்து வூட்ல நாம ரெண்டு பேரு தான.

ஆஷ்லின்: மா, ஒண்ணு சொல்லணும். நீ நாளைக்கு சுட்டு முடிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப சொல்லலன்னா ஒரு மாதிரியா இருக்கும்... எனக்கு ஷூட்டிங் கேம்ப்பு கெடச்சிருக்கு. பூனாவுல. ஒரு வருஷம் அங்கயே தங்கணும். நீ எனக்காக இங்க வர்ற, நான் இங்கயே இருக்க மாட்டேன். நீ வேணாம்னா நான்...

செல்வி: தெரியும்.

ஆஷ்லின்: தெரியுமா?

செல்வி: உங்க கோச்சு சித்ரா மேடம் வூட்ல கேக்காம உன்ன அவ்ளோ தூரம் அனுப்பிடுவாங்களா? போன வாரமே போன் பண்ணாங்க. நான் அப்பவே சரின்னுட்டேன். நீயா வந்து சொல்லுவன்னு தான் வாயத் தெறக்கல.

ஆஷ்லின்: அப்ப எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? நான் இல்லாத வூட்டுக்கு தெனம் வந்து இன்னா பண்ணப் போற?

செல்வி: நீ லீவு கெடச்சி வர்ற அன்னைக்கு நான் எங்கயாவது கும்பல ஒதுக்கிக்கினு நின்னா? மூட்டையோட வந்து பூட்டுன கதவ பாத்துக்கினு நிப்ப நீ. அது ஆவாதுடி எனக்கு. நீ எப்ப வந்தாலும் கதவு தெறந்திருக்கணும், அதுக்குத்தான். சரி, நவுரு, திரும்பவும் நீட்டுறேன்... கழுத்து நேரா இருக்குதா? முனை தெளிவா தெரியுது, பேப்பரு புகையாட்டம் தான் தெரியுது. நாளைக்கு நான் தேறிடுவேன்ல, நீ இன்னா நெனைக்கிற?