வினோஜாவுக்குக் குரல் குடுத்தவள்

தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ பிள்ளை. சீனி கொஞ்சம் கூடிப்போச்சு எண்டு நினைக்கிறன். தொடர் ஏன் நிண்டது எண்டு விசாரிக்க ரீவி நிலையம் உங்களை அனுப்பினது நல்லதுதான். இதுவரைக்கும் ஒருத்தரும் இந்த ஜெனிற்றாவிட்டை வந்து கேக்கேல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்.

'ஏழாம் கோள்' ரீவியிலை ஓடின காலத்திலை விண்கலத்தின்ரை குரல் நான்தான். "கதவு மூடப்படுகிறது, காற்று குறைகிறது" எண்டு சொல்லுற அந்தக் குரல். சந்தைக்குப் போனால் என்னை ஆருக்கும் தெரியாது. அதிலை எனக்கு மனவருத்தம் இல்லை.

பிறகு இளம் ஆக்களுக்கெண்டு அதிலை இருந்து ஒரு கிளைத்தொடர் துவங்கிச்சினம், 'ஏழாம் கோளின் பிள்ளைகள்'. விண்கலத்திலை தனிச்சுப்போன ஒரு பெடியன், பூமியிலை ஒரு பெட்டை. ரெண்டுபேரும் வானொலியிலை மட்டும் கதைப்பினம். பெடியனா நடிச்சது கஜீபன். அவனை மயிலிட்டியிலை, மீனுக்கு ஐஸ் வைச்ச பழைய கொட்டிலுக்கை வைச்சுப் படம் எடுத்தவை. பெட்டையா நடிச்சது வினோஜா. தகப்பன் கந்தப்பர், சண்டிலிப்பாயிலை புகையிலைத் தோட்டம் செய்யிறவர், பிள்ளையை வெளியூருக்கு விடமாட்டன் எண்டிட்டார். அதாலை அவவை அவையின்ரை வளவிலையே எடுத்தவை. ரெண்டுபேரும் தொடர் துவக்கப் பூசையண்டு ஒருக்காத்தான் கண்டவை. தகப்பன் பக்கத்திலை நிண்டபடியால் அவ சிரிச்சதோடை சரி.

வடிவான பிள்ளை. ஆனால் வாயைத் திறந்தால் எல்லாம் மூக்காலை வரும். இயக்குநர் றூபன் என்னைக் கூப்பிட்டு, "அன்ரி, இருபது வயசுக் குரல் ஒண்டு தரேலுமே?" எண்டு கேட்டார். குடுத்தன். "வெளியிலை ஒருத்தருக்கும் தெரியப்படாது, கூட நடிக்கிறவைக்கும்" எண்டும் சொன்னவர். நான் குடுத்த வாக்கைக் காப்பாத்திறவள்.

தொடர் சனத்துக்குப் பிடிச்சுப்போச்சு. சண்டிலிப்பாய் வாசிகசாலை விழாவிலை, தேன்குரல் எண்டு சொல்லி வினோஜாவுக்குப் பொன்னாடை போத்தினவை. பொன்னாடைத் தட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை நிண்டது நான். ரெண்டு சொல்லுக் கதைக்கச் சொல்லிக் கேட்டதுக்கு, பிள்ளைக்குத் தொண்டை நோ எண்டு தகப்பன் சொல்லிப்போட்டார்.

அதுக்குப் பிறகு ஒருநாள் ஒலிப்பதிவு அறையிலை போன் அடிச்சுது. நான் அப்பதான் ஒரு வசனம் முடிச்சனான், அந்த இருபது வயசுக் குரல் இன்னும் இறங்கேல்லை. "ஹலோ" எண்டன்.

"ஆர், வினோஜாவே?" கஜீபன்.

இல்லையெண்டு சொன்னால் றூபனுக்குக் குடுத்த வாக்கு என்னாகிறது? ஓம் எண்டன். பிறகு அவனுக்கு வசதியா இருக்கட்டும் எண்டு ஒரு புது சிம்மும் வாங்கி, அதுதான் வினோஜாவின்ரை நம்பர் எண்டு குடுத்தன்.

நல்ல பெடியன் பிள்ளை. பகிடி விட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான். மத்தியானம் போன் எடுத்து, என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேப்பான். என்னை அப்பிடி ஒருத்தர் கேட்டுக் கனகாலம். ஆனால் நான் மயிலிட்டிக்குப் போனால், அதே பெடியன் தலைக்கவசத்தைக் கழட்டி "அன்ரி, இதைப் பிடியுங்கோ" எண்டு என்ரை கையிலை தந்திட்டுப் போவான். ஒருநாள் போனிலை சொன்னான், "உந்த ஜெனிற்றா அன்ரி கதைக்கிறதைக் கேட்டனீங்களே? தகரத்திலை கல்லுத் தேய்ச்ச மாதிரி."

நான் சிரிச்சனான். வினோஜா எப்பிடிச் சிரிக்கோணுமோ அப்பிடியே சிரிச்சனான்.

சிரிச்சுப்போட்டு, "வாற ஞாயிறு அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து என்னைக் கேளுங்கோ, எங்கடை அப்பா சம்மதிச்சிட்டார்" எண்டன். கோபத்திலை இல்லை. ஆசையா இருக்கிற பெடியனை அலைக்கழிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு கோயில் ஆராதனை முடிய, வசனத்தாள் குடுக்கிற சாட்டிலை நானும் சண்டிலிப்பாய்க்குப் போய் விறாந்தையிலை இருந்தன். கார் வந்து நிண்டுது. கஜீபன்ரை தாய் சீலையும் பழமும் வைச்ச தட்டத்தோடை இறங்கினா. கந்தப்பர் தோட்டத்துச் சேத்துக் காலோடை வந்து, "ஆர் உங்களை வரச் சொன்னது?" எண்டு கேட்டார்.

"உங்கடை மகள்தான்" எண்டான் கஜீபன்.

வினோஜா ஓடிவந்தா. "அப்பா, சத்தியமா நான் உவரோடை ஒரு சொல்லும் கதைக்கேல்லை." எல்லாம் மூக்காலை.

கஜீபன் அவவையே பாத்துக்கொண்டு நிண்டான். விறாந்தைப் பக்கம் திரும்பேல்லை. தாயின்ரை தட்டம் சரிஞ்சு, அப்பிள் எல்லாம் முற்றத்திலை உருண்டுது. நான்தான் இறங்கிப் பொறுக்கிக் குடுத்தனான்.

அதோடை கந்தப்பர் மகளை நடிக்கவிடாமல் நிப்பாட்டிப்போட்டார். இப்ப படலைக்கு வெளியிலையும் விடுறதில்லையாம். கஜீபனும் படப்பிடிப்புக்கு வரேல்லை. ஆறாம் பாகத்தோடை எல்லாம் முடிஞ்சுது. ஓம், தொடரை நிப்பாட்டினது நான்தான். எழுதிக்கொள்ளுங்கோ.

ஆனால் பெடியனை அப்பிடியே விட எனக்கு மனம் வரேல்லை. அடுத்தநாள் நானே போன் எடுத்தன்.

"அப்பாவுக்குப் பயந்து பொய் சொன்னனான், கஜீ."

"உங்கடை குரல் ஏன் அப்பிடி இருந்தது?"

"அப்பா கடைசி நேரம் மாட்டன் எண்டிட்டார். விடியத் துவங்கி அழுது மூக்கடைச்சுப் போச்சு."

கேட்டு அவனும் அழுதான். பிறகு சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்டான். கனடாவிலை இருந்து தமையன் விசா எடுத்துக் குடுத்ததையும் வேண்டாம் எண்டிட்டான். தகப்பன்ரை மனம் மாறுமட்டும் காத்திருக்கிறானாம். இருங்கோ எண்டு நானும் சொன்னன்.

உண்மையை அவனுக்குச் சொல்லிவிடச் சொல்லுறியள். நீங்கள் சின்னப்பிள்ளை, லேசாச் சொல்லிப்போடுவியள். இனி நான் அவனைக் கைவிட்டால், வினோஜாவின்ரை பெயரல்லோ பிள்ளை கெட்டுப்போகும்.