பதினோரு நொடி

அதிகாரி: எத்தனை நொடி?

தலைமையாசிரியை: பதினொண்ணு சார்.

அதிகாரி: யாரு எண்ணினது?

தலைமையாசிரியை: விளையாட்டு டீச்சர். ஓட்டப்பந்தயக் கடிகாரம் எப்பவும் அவங்க கழுத்துலயே தொங்கும்.

அதிகாரி: சரி... ஏம்மா, உன்னத்தான். பேரு?

வானொலி: ஸ்கூல்ல எல்லாரும் வானொலின்னுதான் கூப்பிடுவாங்க சார். காலையில செய்தி படிக்கிறது நான்தான். இதோ, பெரிய டீச்சர் மேசையில இருக்கே, இந்த மைக்ல. இங்க பேசினா எல்லா வகுப்புலயும் கேக்கும்.

அதிகாரி: திங்கக்கிழமை என்ன படிச்ச?

வானொலி: உங்க ஆபீஸ்லருந்து எழுதி அனுப்பினத சார். 'நம் பள்ளியில் அனைத்து வசதிகளும் சிறப்பாக உள்ளன.'

அதிகாரி: அப்புறம்?

வானொலி: ...

அதிகாரி: என்னம்மா, பேசு.

வானொலி: 'மாணவிகள் அனைவரும் மகிழ்ச்சியாக இருக்கிறோம்.' இப்படித்தான் சார் படிச்சேன். ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல.

அதிகாரி: நடுவுல சும்மா நின்னியே, அது?

வானொலி: மூச்சு வாங்கினேன் சார்.

அதிகாரி: பதினோரு நொடியா? முத்துக் குளிக்கவா போன?

தலைமையாசிரியை: திமிர் சார். சொல்லிச் சொல்லி என் தொண்டதான் வத்திப்போச்சு.

அதிகாரி: இத அறிக்கையில நான் எப்படி எழுதறது? அந்தப் பதினோரு நொடியில நீ சொன்னது என்ன?

வானொலி: ஒண்ணும் சொல்லல சார்.

அதிகாரி: ஒண்ணும் சொல்லாததுக்கா நானூறு பேரு சிரிச்சாங்க?

வானொலி: அவங்களத்தான் கேக்கணும்.

அதிகாரி: கேட்டேன். ஒருத்தியும் வாய தொறக்கல.

தலைமையாசிரியை: அப்போ ஒழுக்கம் நல்லா இருக்குன்னு எழுதிக்கலாம் சார்...

அதிகாரி: மேடம், நீங்க சும்மா இருங்க. இங்க பாரும்மா, நானும் பிள்ள குட்டிக்காரன்தான். நீ எத நெனச்சு நின்னன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கழிவறைக் குழாய் விஷயந்தானே?

தலைமையாசிரியை: சார்... சார், மெதுவா.

அதிகாரி: ஏன்?

தலைமையாசிரியை: உங்க சுற்றறிக்கை சார். தண்ணி வர்றது, வராதது பத்தி விசாரணை முடியிற வரைக்கும் வளாகத்துக்குள்ள யாரும் பேசக்கூடாது, எழுதக்கூடாது, சைகையும் காட்டக்கூடாது. மூணாவது பத்தி.

அதிகாரி: அது உங்களுக்கு. எனக்கு இல்ல.

தலைமையாசிரியை: 'யாரும்'னு போட்டிருக்கு சார். கீழ உங்க கையெழுத்து.

அதிகாரி: ...சரி, அந்த விஷயம். அந்த விஷயத்த நீ முன்னாடியும் மைக்ல சொல்லியிருக்க.

வானொலி: போன மாசம் சார். அறுபத்து மூணாவது நாள்னு சொன்னேன். உடனே சுற்றறிக்கை வந்துச்சு.

அதிகாரி: வந்துச்சுல்ல? அதுக்கப்புறமும் எதுக்கு இந்த மூச்சு?

வானொலி: குடிமையியல் புத்தகத்துல பேச்சுரிமைன்னு ஒரு பாடமே இருக்கே சார். பத்து மார்க் கேள்வி.

அதிகாரி: அது பரீட்சைக்கு. எழுதிட்டுப் போ, யாரு வேணாம்னது? பேசத்தான் கூடாது.

வானொலி: நான்தான் பேசவே இல்லயே சார்.

அதிகாரி: அதான் குத்தம். பேசியிருந்தா எதப் பேசினேன்னு எழுதி ரெண்டு வரியில முடிச்சிருப்பேன். இப்போ பாரு, மூணு பக்கம் ஆயிடுச்சு.

தலைமையாசிரியை: சார், தண்டனை ஏதும்...

அதிகாரி: பதினஞ்சு நாள் நீக்கம். ஆணை கையிலயே இருக்கு, கையெழுத்துதான் பாக்கி.

வானொலி: பதினஞ்சு நாளா? சார், பத்தாம் நாள் பொதுப் பரீட்சை ஆரம்பிக்குது.

அதிகாரி: அடுத்த வருஷம் எழுதிக்கலாம்.

வானொலி: அடுத்த வருஷம் எங்கம்மா அனுப்ப மாட்டாங்க சார். இந்த வருஷமே சண்ட போட்டுத்தான் வந்தேன்.

அதிகாரி: மூச்சு விடறதுக்கு முன்னாடி அத யோசிச்சிருக்கணும். பேனா... என் பேனா எங்க? ஆ, உங்க காவலாளி. கேட்டுல கையெழுத்து போடச் சொல்லி, போட்டதும் பேனாவ வாங்கிச் சட்டையில சொருகிக்கிட்டாரு.

தலைமையாசிரியை: அவருக்கு மறதி சார். மேசையில ஒண்ணு இருக்கும் பாருங்க...

அதிகாரி: இதுவா? மூடி கொஞ்சம் இறுக்கமா... ஐயய்யோ. என்ன மேடம் இது? கை பூரா மை.

தலைமையாசிரியை: அச்சச்சோ. ஆணைய தொடாதீங்க சார், ஒரே பிரதி. முகத்தையும் தொடாதீங்க... தொட்டுட்டீங்க.

அதிகாரி: எங்க கழுவறது?

தலைமையாசிரியை: அந்தக் கதவுதான் சார். சோப்பு நிறைய இருக்கு, தாராளமா போட்டுக்கோங்க. போன வாரந்தான் உங்க ஆபீஸ்லருந்து நாலு பெட்டி வந்துச்சு.

வானொலி: கதவ நான் தொறக்கறேன் சார்.

அதிகாரி: ம்... வாசனை நல்லாத்தான் இருக்கு... நுரையும் வருது... மேடம்.

தலைமையாசிரியை: சார்.

அதிகாரி: தண்ணி வரல.

தலைமையாசிரியை: ...

அதிகாரி: மேடம், காதுல விழுதா?

தலைமையாசிரியை: விழுது சார்.

அதிகாரி: தண்ணி வரலங்கறேன்.

தலைமையாசிரியை: மூணாவது பத்தி சார்.

அதிகாரி: மூணாவது பத்திய தூக்கிக் குப்பையில போடுங்க. முழங்கை வரைக்கும் சோப்பு. ஏம்மா, நீயாவது சொல்லு.

வானொலி: ...

அதிகாரி: அந்த மூச்ச ஆரம்பிக்காத. சரி, நான் தளர்த்தறேன். பேசலாம். எல்லாரும் பேசலாம்.

தலைமையாசிரியை: எழுத்துல வேணுமே சார்.

அதிகாரி: இந்தக் கையில எப்படி எழுதறது?

தலைமையாசிரியை: அப்போ நாலாவது பத்தி. வாய்மொழியா தளர்த்தணும்னா பள்ளி முழுக்கக் கேக்கணும். எதனால தளர்த்தறீங்கன்னு காரணமும் சொல்லணும்.

அதிகாரி: எந்த மடையன் இப்படியெல்லாம்... சரி, நான்தான் எழுதினேன். மைக்க போடு.

வானொலி: போட்டாச்சு சார். கொஞ்சம் கிட்ட வாங்க. நுர மட்டும் மைக்ல படாம பாத்துக்கோங்க.

அதிகாரி: எல்லாருக்கும் வணக்கம். நான் கல்வி அலுவலகத்துலருந்து வந்திருக்கேன். இந்தப் பள்ளியில... குழாயில... தண்ணி வரல. அதனால அதப் பத்தி இனிமே பேசலாம். அவ்வளவுதான். என்ன சத்தம் அது? சிரிக்கிறாங்களா?

வானொலி: இல்ல சார். கை தட்டறாங்க.

அதிகாரி: இப்பவாச்சும் பதில் சொல்லுங்க மேடம். தண்ணி எங்க கிடைக்கும்?

தலைமையாசிரியை: இங்க எங்கயும் கிடைக்காது சார். தொண்ணூத்தொரு நாளாச்சு.

வானொலி: என் பாட்டில்ல இருக்கு சார். கைய நீட்டுங்க, ஊத்தறேன்.

அதிகாரி: முழுசா இருக்கே. மணி ரெண்டாச்சு, நீ குடிக்கலயா?

வானொலி: குடிச்சா கழிவறைக்குப் போகணும் சார். அதனால யாரும் குடிக்கறதில்ல. சும்மா எடுத்துட்டு வருவோம், வீட்டுக்குப் போற வழியில குடிப்போம்.

அதிகாரி: யாருமேவா?

வானொலி: பெரிய வகுப்புல யாரும் குடிக்கறதில்ல சார். பதினேழு பேரு ஸ்கூலுக்கு வர்றதயே நிறுத்திட்டாங்க. அந்தக் கைய காட்டுங்க சார்.

அதிகாரி: போதும்மா. மிச்சத்த வச்சுக்கோ... மேடம், இந்த ஆணையில என் கை மை பட்டுடுச்சு பாருங்க. ஒரு எழுத்தும் தெரியல.

தலைமையாசிரியை: பட்ட மாதிரி தெரியலயே சார்.

அதிகாரி: இப்போ படுது. போதுமா? நாளைக்கு ஆள் வரும், குழாய பிரிச்சுப் பாக்கச் சொல்றேன். அதுவரைக்கும் லாரி அனுப்பறேன். பேனா கிடைச்சா அனுப்பி வைங்க. வர்றேன்.

தலைமையாசிரியை: நல்லது சார். படி பாத்து இறங்குங்க.

வானொலி: ...

தலைமையாசிரியை: என்ன, மறுபடி மூச்சா? போய்ப் படிக்கிற வேலயப் பாரு. பத்து நாள்தான் இருக்கு.

வானொலி: டீச்சர், ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

தலைமையாசிரியை: அதுக்கெல்லாம் வாக்கு குடுக்க முடியாது. சொல்லு.

வானொலி: அந்தக் கசியற பேனாவ மேசையில வச்சது நான்தான்.

தலைமையாசிரியை: ஓகோ.

வானொலி: காவலாளி அண்ணன்கிட்ட அதிகாரி பேனாவ வாங்கி வச்சுக்கச் சொன்னதும் நான்தான். அவரு பொண்ணும் வர்றத நிறுத்திட்டால்ல... உடனே சரின்னுட்டாரு.

தலைமையாசிரியை: அவ்வளவுதானா?

வானொலி: நேத்து நீங்க அத்தன தடவ சொன்னீங்க. 'அதிகாரி வர்றாரு, அலமாரியில இருக்கற அந்தப் பேனா தொட்டா கையெல்லாம் மையாக்கும், அத மட்டும் மேசையில வச்சிடாத'ன்னு. உங்க பேச்ச மீறிட்டேன் டீச்சர்.

தலைமையாசிரியை: அசடு. மூணு வருஷமா காஞ்சு கெடந்த பேனா அது. நேத்து சாயங்காலம் மை ஊத்தி வச்சுட்டுத்தான் உன்னக் கூப்பிட்டேன். வைக்காதன்னு சொன்னா நீ வைப்பேன்னு எனக்குத் தெரியாதா?