அறுபத்திரண்டாவது வரி

கோப்புகளுக்கு ரப்பர் பேண்ட் போடக் கூடாது, மேடம். ஒரு கோடை போதும், உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். பருத்தி நாடாதான் சரி. இந்தப் பதிவறையில் இருபத்தாறு வருடமாக நாடா வாங்கச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டது அழிப்புப் பட்டியலைப் பற்றி மட்டும்தான். ஆனால் முறையைச் சொல்லாமல் அதைச் சொன்னால் புரியாது. ஒரு கோப்பு முடிந்ததும் அதற்கு ஆயுள் குறிக்கிறோம். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். ஆயுள் முடிந்தவற்றைப் பட்டியலிட்டு, அதிகாரி கையெழுத்திட்ட பிறகு கிழித்து மூட்டை கட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறோம். பட்டியலின் கடைசி வரிக்குக் கீழே காலி இடம் இருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்து மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் பிறகு ஒரு வரி சேர்க்கலாம். இதையும் இருபத்தாறு வருடமாகச் சொல்லி வருகிறேன்.

சுற்றியிருந்த சிறு ஊர்களையெல்லாம் மாநகராட்சியோடு சேர்த்தபோது, தபால் மேசையையும் கூடுதலாக என்னிடம் கொடுத்தார்கள். வார்டு எண்கள் மாறியிருந்தன. பழைய எண் போட்டு வரும் மனுவைப் புதுப் பிரிவு வாங்காது. புது எண் எழுதிக் கொண்டுபோனால், அந்தத் தெரு இன்னும் எங்களிடம் வரவில்லை என்பார்கள்.

ஆகஸ்டில் தபீதாள் என்ற அம்மா ஒரு மனு கொண்டுவந்தார். சிட்லபாக்கம் பக்கம் வீடு, ஓய்வு பெற்ற ஆசிரியை. வீட்டு வாசலில் மழைநீர் வடிகாலின் மூடி உடைந்து கிடக்கிறது, மழை வந்தால் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தார். தெருவைப் படமாக வரைந்து, உடைந்த இடத்தில் சிவப்பில் ஒரு வட்டம். அவ்வளவு சுத்தமான மனுவை நான் பார்த்ததில்லை. முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டு கொடுத்தேன். பதிவேட்டில் மட்டும் ஏற்றவில்லை. பிரிவு முடிவாகாமல் ஏற்றினால் ஒரு கட்டம் காலியாக நிற்கும். காலிக் கட்டம் எனக்குப் பிடிக்காது.

பொறியியல் பிரிவுக்கு மூன்று முறை எடுத்துப் போனேன். மூன்றாவது முறை அங்கிருந்த எழுத்தர் பிரசன்னா எல்லோர் முன்னாலும் சிரித்தான்.

"இன்னாண்ணா, லவ் லெட்டரா? தெனம் கையில வெச்சுகினு சுத்தினு கீற. டீச்சரம்மாவுக்கு நீயே போய் மூடி போட்டுக் குட்துடேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. திரும்பி வந்து, அதே மாதிரி வார்டு தெரியாமல் நின்ற மற்ற மனுக்களோடு சேர்த்து நாற்பத்து மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டினேன். பருத்தி நாடா போட்டு, மேல் தட்டில் வைத்தேன். யாரும் வந்து கேட்டால் ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

நவம்பரில் மழை. காலையில் தெருவில் முழங்கால் தண்ணீர். தபீதாள் அம்மாவின் கணவர் ஜீவரத்தினம் பால் வாங்கப் போனவர், வாசலிலேயே அந்தப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். மறைமலை நகரில் முப்பது வருடம் இரும்போடு வேலை பார்த்த ஆள், நல்ல உடம்பு என்றார்கள். நாற்பதடி தள்ளி, தெருமுனைச் சிறுபாலத்தின் அடியில்தான் கிடைத்தார்.

புகார் ஏதும் வரவில்லை என்று அலுவலகம் சொன்னது. பதிவேட்டைப் பார்த்துத்தான் சொன்னார்கள். பதிவேட்டில் இல்லை என்பது உண்மை.

அன்று மாலையே மேல் தட்டிலிருந்து கட்டை இறக்கினேன். அக்டோபரில் கையெழுத்தான அழிப்புப் பட்டியலில் அறுபத்தொரு வரி இருந்தது; மூட்டைகள் இன்னும் ஆலைக்குப் போகவில்லை. அதிகாரி வழக்கம்போலக் கோடு இழுக்கவில்லை. அறுபத்திரண்டாவதாக, 'பழைய பேரூராட்சிக் காலக் கடிதங்கள், ஒரு கட்டு' என்று எழுதி, அதன் கீழே நானே கோட்டை இழுத்தேன். கட்டு மூட்டையில் போனது. தலைமை அலுவலகத்துக்கு முன்பே போன நகலில் அறுபத்தொன்றுதான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் வருவார் என்று நினைக்கவில்லை. உங்கள் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

தன் மனு என்னவாயிற்று என்று தபீதாள் அம்மா தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதினார். 'ஆவணம் இல்லை' என்று பதில் போனது. அதை எடுத்துக்கொண்டு, மகள் ஷீலாவோடு பதிவறைக்கே வந்துவிட்டார்.

"சார், நீங்கதான் சீல் வெச்சுக் குடுத்தீங்க. நீலச் சட்டை போட்டிருந்தீங்க. அந்தச் சீட்டு வீட்டுக்குள்ள தண்ணி வந்ததுல போயிடுச்சு. உங்ககிட்ட இருக்குமே, சார்?"

நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். பதிவேட்டைத் திறந்து ஆகஸ்ட் மாதம் முழுவதையும் பக்கம் பக்கமாகக் காட்டினேன். ஒரு தபால் எப்படி வருகிறது, எப்படி எண் பெறுகிறது என்று பொறுமையாக விளக்கினேன். யாரும் அவருக்கு அதுவரை விளக்கியிருக்கவில்லை.

"நிறைய பேருக்கு இப்படி ஆகும், மேடம்," என்றேன். "எழுதி முடிச்ச உடனே குடுத்துட்ட மாதிரியே ஒரு நெனப்பு வந்துடும்."

ஷீலா மெதுவாகக் கேட்டாள். "மம்மி, நெஜமா சொல்லு. குடுத்தியா? எழுதி டேபிள்லயே வெச்சுட்டியா?"

"குடுத்தேன்டி. படம்கூட போட்டேனே." ஆகஸ்ட் பக்கங்களை விரல் வைத்து மறுபடி ஒருமுறை பார்த்தார். "நீலச் சட்டை... அது ஈ.பி. ஆபீஸ்ல பார்த்ததோ?"

அவர் அமைதியடைந்தது போல எனக்குப் பட்டது.

ஒரு மாதம் கழித்துத் தனியாக வந்தார். கையில் இன்னொரு கடிதம். எழுத்து கோணலாகப் போயிருந்தது. மனுவை எழுதிவிட்டுக் கொடுக்காமல் இருந்துவிட்டேன், என் கணவர் சாவுக்கு நான்தான் காரணம், உங்கள் அலுவலகத்தின் மீது வீண்பழி சுமத்தியதற்கு மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். இதை உடனே பதிவேட்டில் ஏற்றினேன். எண் கொடுத்தேன், ஒப்புகைச் சீட்டும் கொடுத்தேன். ஆயுள், நிரந்தரம். அதோ, மூன்றாவது அடுக்கில் இருக்கிறது, பார்க்கலாம்.

மற்ற நாற்பத்திரண்டு மனுக்களில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்கள். அவர்கள் யாரும் வந்து கேட்கவில்லை.

நாற்பத்திரண்டு என்று நீங்கள் சொன்னது சரிதான். மூட்டையில் போனது அவ்வளவுதான். அவருடைய முதல் மனுவை நான் கிழிக்கவில்லை. அந்தப் படம், சிவப்பு வட்டம், என் முத்திரை, தேதி எல்லாம் அப்படியே இருக்கிறது. என் வீட்டுப் பீரோவில், ஈரம் படாமல், நாடா கட்டி வைத்திருக்கிறேன். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோதும் அது பத்திரமாகத்தான் இருந்தது. ஆயுள் முடியாத காகிதத்தை நான் அழித்ததே இல்லை என்று நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.

நாளை கொண்டுவருகிறேன், மேடம். பெற்றுக்கொண்டதற்கு எனக்கு ஒரு ஒப்புகைச் சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் போனால், நான் கொடுத்தேன் என்று பிறகு யார் நம்புவார்கள்?