தீவனத்தில் மண்ணின் அளவு

மீனுக்கு ருசி தெரியும் சார். பயிற்சிப் புத்தகத்தில் இதை முதல் வரியாகவே போடலாம். பிடிக்காத தீவனத்தைப் போட்டால் கெண்டை அதை வாயில் வாங்கி, ஒரு நொடி வைத்திருந்து, துப்பிவிடும். பிடித்துவிட்டாலோ, மறுநாள் நாம் கரைக்கு வரும் நேரத்துக்கு அதுவும் வந்து காத்திருக்கும்.

போன மாதம் நீங்கள் என் கொட்டகைக்கு வந்து, "ஆனந்தராஜ், நீங்க தீவனம் செய்யற முறையை உங்க கைப்பட எழுதிக் குடுங்க, மத்த குளத்துக்காரங்களுக்கும் உதவும்" என்று கேட்டீர்கள். மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் எட்டாவது படித்தவனின் கையெழுத்தைக் கேட்டு வந்தது எனக்குப் பெருமைதான். மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். மற்ற எல்லாம் சரியாக வருகிறது, ஒரே ஓர் அளவு மட்டும் நிற்கவில்லை. அதைச் சரியாக எழுத வேண்டுமானால் காசியம்மாள் அக்காவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் நான் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். களிமண்ணைப் பிசைந்து தள்ளும் மிஷின் என் பொறுப்பு. காசியம்மாள் அக்கா அதே கம்பெனியில் மண் சுமந்தவர். 2002இல் கம்பெனியை மூடினார்கள். அந்தப் பழைய மிஷினை நான் இரும்பு விலைக்கு வாங்கிக்கொண்டேன். களிமண்ணைத் தள்ளும் மிஷின் தீவன மாவையும் தள்ளும் என்று எனக்குத் தோன்றியது, தள்ளியது. முன்னால் ஓட்டை போட்ட தகட்டை மாட்டினால் மாவு இடியாப்பமாக வரும். டீக் கப்பு காயவைத்த அதே பலகைகளில் நிழலில் உலர்த்தி ஒடித்துக்கொள்ள வேண்டியதுதான். கொட்டகையில் நானும் அக்காவும் மட்டும்.

நான் போடுவது தவிடு, மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் புண்ணாக்கு, மரவள்ளி மாவு, தொட்டியில் வளர்க்கும் அசோலாப் பாசி. கருவாட்டுத் தூள் சேர்ப்பதில்லை. கடல் மீனைப் பிடித்துக் காயவைத்துக் குளத்து மீனுக்குப் போடுவது எனக்கு முறையாகப் படவில்லை. நீங்களும் அதைத்தான் பாராட்டினீர்கள். எல்லாமே பத்து மைலுக்குள் கிடைக்கிற சரக்கு.

புண்ணாக்குப் பாளத்தை உடைப்பது அக்காவின் வேலை. உடைக்கும்போதே ஒரு துண்டை மடியில் போட்டுக்கொள்வார். மதியம் வெல்லம் இருந்தால் வெல்லத்தோடு தின்பார், இல்லாவிட்டால் சும்மா தின்பார். அவர் சோற்றுத் தூக்கோடு வந்து நான் பார்த்ததில்லை. "வூட்ல ஆக்குற சோறு மவன் மாயவனுக்கும் மருமவ பூவாயிக்கும் புள்ளைங்களுக்கும் பத்தணும் தம்பி. எனக்கு இது போதும், சாயங்காலம் வரைக்கும் வயித்துல நிக்கும்" என்பார். நான் தடுத்ததில்லை. எவ்வளவு எடுத்தாலும் கேட்டதில்லை. இந்த விஷயத்தில் நான் தாராளமாகவே இருந்திருக்கிறேன்.

2005ஆம் வருடத்து மழை உங்களுக்கு நினைவிருக்கும். கொல்லையில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டை அப்படியே நனைந்து முளைவிட்டது. அதை ஆட்டிய புண்ணாக்கில் பச்சையாகப் பூஞ்சை பூத்திருந்தது. நான் அதைத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தினேன். ஒரு மாதத்தில், என்னிடம் தீவனம் வாங்கும் நல்லூர் விருத்தகிரியின் குளத்தில் ரோகு மீன்கள் மிதக்க ஆரம்பித்தன. நீங்கள்தான் வந்து கரையிலேயே ஒன்றை அறுத்துக் காட்டினீர்கள். ஈரல் மஞ்சளாக வெளுத்து, சின்னச் சின்னக் கட்டிகளோடு இருந்தது.

"பூஞ்சை பிடிச்ச புண்ணாக்குல ஒரு விஷம் இருக்கு. வேக வெச்சாலும் போகாது. ஈரலை அரிச்சிடும். மீனுக்கு மட்டும் இல்லை, மாட்டுக்கும் மனுஷனுக்கும் அதேதான்" என்றீர்கள். இந்த விஷத்துக்கு முறிவு உண்டா என்று விருத்தகிரி கேட்டார். "சில களிமண்ணு அதைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கும்னு சொல்றாங்க. அதை நம்பி இறங்காதீங்க. பூஞ்சை பிடிச்சதை வாங்காம இருக்கறதுதான் வழி" என்றீர்கள்.

களிமண் என்ற சொல் காதில் விழுந்த பிறகு மற்றது எனக்கு ஏறவில்லை. வாழ்க்கையில் பாதியை மண்ணில் கழித்தவன் நான். அதோடு எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை. நல்ல புண்ணாக்கு மாடு வைத்திருப்பவர்களுக்கே பத்தவில்லை. எண்ணெய் ஆலையில் எனக்கு மிஞ்சியது மூலையில் நனைந்து கிடந்த மூட்டைகள்தான். நான் கையை விரித்திருந்தால், என்னை நம்பிக் குஞ்சு விட்ட பதினோரு குளத்துக்காரர்கள் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். அந்த நிலைமையில் நான் என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள்.

மண்ணைச் சலித்து மாவோடு கலந்து தள்ளினேன். சிக்கல் அளவில்தான் வந்தது. மண் குறைந்தால் மீனின் ஈரல் போகும். கூடினால் வயிறு நிறைந்து மீன் வளராமல் நிற்கும். எந்த மூட்டையில் எவ்வளவு விஷம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு வாரம் தூக்கமில்லாமல் திரிந்தேன்.

ஒருநாள் அக்கா பாளத்தை உடைத்து ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றுகொண்டே, "இன்னிக்கி மூட்ட கசக்குது தம்பி" என்றார். எனக்குச் சட்டென்று வெளிச்சமானது. அந்த மூட்டைக்கு மட்டும் மண்ணை இரட்டிப்பாக்கினேன். அந்தத் தீவனம் போன குளங்களில் ஒரு மீன்கூட மிதக்கவில்லை.

அளவு வந்தது இப்படித்தான். அக்கா சும்மா மென்று விழுங்கினால் நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ மண். முகம் சுளித்தால் நான்கு. விழுங்கிவிட்டுத் தண்ணீர் கேட்டால் ஆறு. துப்பியது இரண்டே முறை. அந்த இரண்டு மூட்டைகளையும் நான் தீவனத்தில் சேர்க்கவில்லை, ஆலைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். மீன் விஷயத்தில் நான் கவனக்குறைவாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

கசந்த மூட்டையிலிருந்துமா அவர் தின்றார் என்று நீங்கள் கேட்பீர்கள். தின்றார். பசிக்கும்போது மனிதர்கள் கசப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "வேணாங்க்கா" என்று சொல்ல இரண்டு மூன்று முறை வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார். காரணம் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது விருத்தகிரி காதுக்குப் போய்விடும். தவிர, அதை நிறுத்திவிட்டால் மதியத்துக்கு அவர் என்ன செய்வார்? என் வீட்டிலும் இன்னோர் ஆளுக்குச் சோறு போடும் வசதி அப்போது இல்லை. என் பசுவுக்கு மட்டும் அந்தப் புண்ணாக்கை நிறுத்தி, வேறு இடத்தில் நல்லதாக ஒரு மூட்டை வாங்கி வைத்திருந்தேன். அது சினையாக இருந்தது.

மண் கலந்ததை மீன் தின்றது. கலப்பதற்கு முந்தியதை அக்கா தின்றார். இதை நான் அப்போதே கவனித்தேன். கவனிக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

அந்த வருடம் மீன் நன்றாக எடை பிடித்தது. மாசி மகத்தை ஒட்டி விருத்தகிரி இரண்டு கிலோ கட்லா ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் அதை அப்படியே அக்காவிடம் கொடுத்தேன். மறுநாள் தலையைக் குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். "நம்ம கை பட்ட தீனி தின்னு வளந்த மீனு தம்பி" என்று அவ்வளவு சந்தோஷப்பட்டார்.

நனைந்த சரக்கு அடுத்த வருடமும் ஆலையில் கிடைத்தது. நானும் வாங்கினேன். 2007 தை மாதம் வாக்கில் அக்கா எல்லா மூட்டைகளையும் கசக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். நான் மண்ணைக் கூட்டிக்கொண்டே போனேன். மூன்று வாரம் கழித்து விருத்தகிரி, மீன் எடை ஏறவில்லை என்று வந்து நின்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது. பசுவுக்கு வைத்திருந்த நல்ல மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அக்காவிடம் நீட்டினேன்.

"இதுவும் கசக்குது தம்பி. சோறே கசக்குது. பச்சத் தண்ணிகூடக் கசக்குது."

வெளிச்சத்துக்கு வரச் சொல்லிக் கண்ணைப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. மூன்று வாரமாக மண்ணை வீணாகக் கூட்டிவிட்டோமே என்பதுதான் எனக்கு முதலில் வந்த நினைப்பு. மறைக்காமல் எழுதுகிறேன்.

கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பத்தியம் வைத்தார்கள். கால் வீங்கியது, பிறகு வயிறு வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேனுக்கு நான்தான் ஏற்பாடு செய்தேன், கூடவும் போனேன். டாக்டரம்மா மாயவனிடம், "சாராயம் குடிப்பாங்களா?" என்று கேட்டார். அவன் பதறிப்போய் இல்லை என்றான்.

"அப்ப என்னதான் சாப்புடுவாங்க?"

மாயவன் என்னைப் பார்த்தான். பகல் முழுக்க அவர் என்னிடம்தானே இருந்தார். கட்டிலில் கிடந்த அக்காவும் என்னைப் பார்த்தார்.

"சோறு, கொழம்புதாங்க" என்றேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரம்மா அதையே எழுதிக்கொண்டார். மாட்டுக்கு வைக்கும் புண்ணாக்கைத் தின்று ஒரு மனுஷி வயிற்றைக் கழுவினார் என்று நாலு பேர் முன்னால் சொல்லாமல் அவருடைய மானத்தைக் காப்பாற்றினேன் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பங்குனியில் இறந்துவிட்டார். அவருக்குப் பாடை கட்ட, குளத்தில் தீவனப் பை தொங்கவிட வைத்திருந்த மூங்கில்களை நான்தான் கொடுத்தேன். மாயவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு நீங்க இன்னொரு புள்ள மாதிரிங்கண்ணே" என்று அழுதான். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை சார்.

நீங்கள் படித்தவர், இதற்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். விஷம் என்று தெரியும். மனுஷனுக்கும் அதேதான் என்று உங்கள் வாயாலேயே கேட்டவன் நான். தெரிந்தே பதினான்கு மாதம் அவரைத் தின்னவிட்டேன். தின்னும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தக் கடிதத்தை நீங்கள் போலீசில் கொடுத்தாலும் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்த நிலைமையில் என்னை நிறுத்திப் பார்த்துவிட்டு, நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

இனி அளவு. ஆலையில் எனக்கு இப்போதும் நனைந்த மூட்டைகள்தான் கிடைக்கின்றன. அக்கா போன பிறகு மண் எவ்வளவு என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் மூன்று முறை கிழித்தேன். நானே தின்று பார்க்கலாம் என்று ஒருநாள் துண்டைக் கையில் எடுத்தேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதை நினைத்துக் கீழே வைத்துவிட்டேன்.

அக்காவின் குடும்பம் ரொம்பத் தடுமாறுகிறது. பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டு இருந்தால்தான் மாயவனுக்கு வேலை. என்னால் ஆன உதவியாக, போன திங்கட்கிழமை அவன் மனைவி பூவாயியை வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன். மாமியார் செய்த அதே வேலை. மூன்று நாள் அவள் எதையும் தொடவில்லை. நேற்று மதியம் பாளத்தை உடைத்தவள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். முகம் சுளிந்தது.

"கசக்குதுங்கண்ணா" என்று சொல்லி, மென்று விழுங்கினாள். தின்னச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மண்ணுக்கு நேரே காலியாக விட்டிருந்த இடத்தில், நூறு கிலோவுக்கு நான்கு கிலோ என்று எழுதியிருக்கிறேன்.