கரன்ட் எங்க போகுது

இல்ல தம்பி, பேட்டரிய மட்டும் குறை சொல்லாதீங்க. அது புதுசு. இதுக்கு முன்னாடி போட்டதும் புதுசுதான், அதுக்கு முன்னாடி போட்டதும் புதுசுதான். வாரம் பூரா கார் சும்மா நிக்கும். ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டுக்காரரு, அதான் உங்க சார், குளிச்சு, இஸ்திரி போட்ட சட்டைய மாட்டிக்கிட்டு வந்து சாவியத் திருப்புவாரு. டக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான். அப்புறம் அன்னிக்கு முழுக்க வீட்ல யாரும் வாயத் திறக்கக் கூடாது. எவன் கரன்டத் திருடுறான்னு என்னையப் பாத்துக் கேக்குறாரு. நான் என்ன வாளியில புடிச்சா வெச்சிருக்கேன்?

டீ டம்ளர மட்கார்டு மேல வைக்காதீங்க! வட்டமா தடம் விழுந்துச்சுன்னா உங்களையும் என்னையும் சேத்து வெளிய தள்ளிடுவாரு. எனக்குக் கால் உடைஞ்சப்பகூட அந்த மனுஷன் இப்படிப் பதறல.

இந்த ஞாயிறு எப்படியும் கிளம்பணுமாம். பேத்தி வர்றால்ல, முன் சீட்ல உக்கார வெச்சு ஊரச் சுத்திக் காட்டப் போறாராம். அதுக்குத்தான் உங்களுக்குப் போன் மேல போன்.

ஆமா, கீறல்தான். எல்லாம் இடது பக்கம்தான், நல்லாப் பாத்துக்குங்க. கேட்டுத் தூண்ல உரசினது. ஏங்க இப்படின்னு கேட்டா, தூண் ரோட்டுப் பக்கமா நகந்துடுச்சாம். வீடு கட்டின நாள்லேருந்து நின்ன எடத்துலயே நிக்கிற தூண் தம்பி அது! இவருக்காக நகருதாம். சாப்பாட்டுலயும் இதே கூத்துதான். தட்டுல இடது பக்கம் வெச்ச பொரியல் வெச்ச மாதிரியே கெடக்கும். பொரியலே வெக்கலையான்னு எம்மேல எரிஞ்சு விழுவாரு. தட்டத் திருப்பி வெச்சா, இப்பத்தான் வெச்சியான்னு அதுக்கும் ஒரு கத்தல்.

அது என்ன, மீட்டரா? எல்லாத்தையும் ஆஃப் பண்ணின பிறகும் கரன்ட் போகுதான்னு காட்டுமா? போகுதா... ம்ம். அப்ப ஒவ்வொரு ஃபியூஸா கழட்டிப் பாக்கப் போறீங்க. பாருங்க, பாருங்க. எனக்கென்னவோ டைனமோவாத்தான் இருக்கும்னு தோணுது. முன்னாடி வந்த ஆளு அதைத்தான் சொன்னான். டைனமோவக் கழட்டிட்டுப் போய் நிதானமாப் பாக்கலாமே? ஒரு மாசம்கூட வெச்சுக்கங்க.

டைனமோ இல்லையா. சரி, உங்களுக்குத் தெரியாததா.

நீங்களும் இந்த வண்டியிலதானே ஓட்டக் கத்துக்கிட்டீங்க? தெரியும், முட்டியில ஸ்கேலால அடி வாங்காதவன் யாரு இருக்கீங்க. டிரைவிங் ஸ்கூல் நடத்தி, காலமெல்லாம் இந்த இடது சீட்ல உக்காந்து, அடுத்தவனுக்கு ரோட்டப் பாத்துச் சொல்லியே பொழைச்ச மனுஷன். அதுதான் இப்ப எனக்கு வினையாப் போச்சு. லைசன்ஸ் ஆபீஸ்ல இருக்கிறவன் அவர்கிட்டக் கத்துக்கிட்டவன். புதுப்பிக்கப் போனப்ப, சார் உங்களுக்கு எதுக்கு சார் டெஸ்ட்டுன்னு எழுந்து நின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தான். அறிவிருக்கா அவனுக்கு? தூரத்துல நாலு எழுத்தக் காட்டிப் படிக்கச் சொன்னா வாயா வலிக்கும்? முக்குல நிக்கிற போலீஸ்காரன் ஒரு சல்யூட். என் மகன்கிட்டச் சொன்னேன். அப்பா ஓட்டுறதையே குறை சொல்றியாம்மான்னு சிரிக்கிறான். ஒருத்தனாவது அவர் முன்னாடி நின்னு, சார், இனிமே வேணாம் சார்னு சொல்றானா? எல்லாருக்கும் மரியாதை. இந்த ஊர்ல அவரை சார்னு கூப்பிடாதது இந்தப் பேட்டரி ஒண்ணுதான்.

எந்த ஃபியூஸ்? அதைக் கழட்டினா மீட்டர் எறங்குதா?

அதுல என்னென்ன இருக்கு... கடிகாரம், டிக்கி லைட்டு, டேஷ்போர்டுப் பெட்டி லைட்டு. கடிகாரம் ஓடி வருஷக்கணக்காச்சு. டிக்கிய மொதல்ல பாருங்க. பல்பு சில்லுனு இருக்கா? இன்னொரு தடவ தொட்டுப் பாருங்களேன்.

டேஷ்போர்டு எதுக்குத் தம்பி... பழைய துணி, ரெண்டு ஸ்பேனர், அவரோட கூலிங் கிளாஸ். அதுல என்ன இருக்கப் போகுது.

சுடுதா.

ம்ம். மூடியிருக்கிற பெட்டிக்குள்ள பல்பு சுடக் கூடாதுதான். மூடியில ஒரு ரப்பர் குமிழ் இருக்கும், அது ஸ்விட்ச அமுக்கினாத்தான் லைட்டு அணையும். அது இல்ல. கீழ தேடாதீங்க, சட்டை அழுக்காகும்.

இந்தாங்க. என் பர்ஸுலதான் இருக்கு.

அப்படிப் பாக்காதீங்க. மொதல்ல அதுவாத்தான் கழண்டு கையில வந்துச்சு. அவரோட கண்ணாடிய உள்ள வெக்கும்போது. ஒட்டிக்கலாம்னு பர்ஸுல போட்டு மறந்தே போயிட்டேன். அந்த ஞாயிறு வண்டி கிளம்பல. அவரு கத்தித் தீத்தாரு. நான் மத்தியானம் நிம்மதியாத் தூங்கினேன் தம்பி. அப்பத்தான் புரிஞ்சுது. பிறகு நான் ஒட்டவே இல்ல.

அதுக்கு முந்தின ஞாயிறு ஓட்டினதுதான் கடைசி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி தெருவுல ஒரு பொண்ணு சைக்கிள்ல போயிட்டிருந்தா. இடது பக்கமா. எனக்குத் தெரியுது, அவருக்கு ஆளே தெரியல. கத்தறதுக்குள்ள இடிச்சாச்சு. திரும்பிப் பாக்கறேன், அந்தப் பொண்ணு விழுந்து எந்திரிச்சு முட்டியத் தட்டிக்கிட்டு நிக்கிறா. சின்னக் காயந்தான், கடவுள் புண்ணியம். நிறுத்துங்க நிறுத்துங்கன்னு நான் கத்தறேன். இவரு வண்டிய ஓட்டிக்கிட்டே சொல்றாரு, ரோட்ட எப்படிப் பேத்து வெச்சிருக்கானுங்க பாருன்னு. பள்ளம்னு நெனச்சுட்டாரு. இன்னிக்கு வரைக்கும் அது பள்ளந்தான். நடந்தத நான் சொன்னா, கார்ல ஏற பயந்துக்கிட்டுக் கதை கட்டுறேனாம். பேத்தியோட உசுரும் கதையா?

செருப்புச் சத்தம் கேக்குது, வர்றாரு. அந்தக் குமிழக் குடுங்க இப்படி. ஃபியூஸ மறுபடி மாட்டிடுங்க. ஸ்பேர் கிடைக்கல சார், பழைய வண்டி, வர மாசக்கணக்காகும்னு சொல்லுங்க. அத மட்டும் நம்புவாரு.

அப்புறம் தம்பி, அந்த பல்பு ரொம்ப நாளா எரியுது, எப்ப வேணா அணைஞ்சு போயிடும். கையோட ஒரு புது பல்பு போட்டுட்டுப் போங்க.