நண்டுக்குப் பூசின சிவப்பு

…இல்ல மேடம், நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. நெயில் பாலிஷ் எதுக்கு? நகத்துக்கு! இவங்க என்னடான்னா நண்டுக்குப் பூசுறாங்க! நண்டுக்கு! விரல விறைப்பா வெக்காதீங்க, லூசா விடுங்க… ஆங், அப்படி. நீங்க கேட்ட அந்தச் சிவப்பு தீந்துபோச்சு. மாடில இருக்காளே கண்ணாடிக்காரி, அவ ரெண்டு பாட்டில் வாங்கிட்டுப் போயிட்டா. இந்த ரோஸ் போட்டுக்குங்க, உங்களுக்கு எடுப்பா இருக்கும்.

கண்ணாடிக்காரியா? ஆராய்ச்சிப் பொண்ணு மேடம். நாலு பேரு மாடிய வாடகைக்கு எடுத்திருக்காங்க. காலைல பளிச்சுன்னு இறங்கிப் போவாங்க, சாயங்காலம் இடுப்பு வரைக்கும் சேறு! நான் படிக்கட்டக் கழுவுறேன், அவங்க மிதிக்கிறாங்க. கழுவுறேன், மிதிக்கிறாங்க. கேட்டா, "அக்கா, இது சாதாரண சேறு இல்ல"ங்கிறா. சேத்துல என்னம்மா ஒசத்தி சேறு, மட்டச் சேறு!

கரையோரமா அலையாத்திக் கன்னு நட்டிருக்காங்கல்ல? கடல் ஏறிட்டே வருதாம், அந்த மரம் வளந்து அலையத் தடுக்கணுமாம். தடுக்கட்டுமே, நான் வேணாம்னா சொல்றேன்? போன வருஷம் புயல்ல, நீங்க உக்காந்திருக்கீங்களே இந்த நாற்காலி, தெருக்கோடி வரைக்கும் மிதந்து போச்சு! நானும் பின்னாடியே போனேன். அந்தக் கன்னோட வேரு மூச்சு விடணும்னா நண்டு வளை தோண்டணுமாம். அதனால நண்ட எண்றாங்க. ஓடுற நண்ட எப்படி எண்றது? இருநூறு பிடிச்சு முதுகுல ஒரு துளி சிவப்பு வெச்சு விட்டுட்டா. ஒரு வாரம் கழிச்சு நூறு பிடிச்சு, அதுல எத்தன சிவப்புன்னு பாக்குறா.

அதுவும் என்ன நண்டு! ஒரு கை உலக்க மாதிரி, ஒரு கை குச்சி. மெனிக்யூர் பண்ண வந்தா எங்க ஆரம்பிக்கிறது… ஐயோ, சிரிக்காதீங்க, கை ஆடுது!

அன்னிக்கு எண்ணிட்டு வந்தா பாருங்க. படில உக்காந்து, "அக்கா, நூறுல ரெண்டே ரெண்டுதான் சிவப்பு"ங்கிறா, கண்ணுல தண்ணி நிக்குது. எனக்கு மனசு கேக்கல. அப்பா அம்மாவ விட்டுட்டு மூணு வருஷமா சேத்துல கிடக்குற பொண்ணு, பாவம், பூசினதெல்லாம் தொலஞ்சு போச்சேன்னு. நமக்கென்ன வந்துச்சுன்னு இருந்திருக்கலாம்… இருந்தேனா?

நேத்து மறுபடி எண்ணினாங்க. நூறுல இருபத்தொண்ணு! நான் குஷியா மேல ஓடுறேன், அங்க எழவு விழுந்த மாதிரி இருக்கு. அவங்க புரொபசர் தலைல கைய வெச்சுட்டு உக்காந்திருக்காரு. என்னன்னா, சிவப்பு கம்மியா வந்தாத்தான் நல்லதாம்! பெரிய கூட்டத்துல நம்ம இருநூறு கலந்து காணாமப் போவுதுன்னு அர்த்தமாம். அன்னிக்கு அவ அழுதது சந்தோஷத்துலயாம் மேடம், சந்தோஷத்துல! இப்போ கணக்குப்படி பத்தாயிரம் இருந்த நண்டு ஆயிரமாயிடுச்சாம். இன்னிக்கு நாலு மணிக்கு இதுக்கெல்லாம் பணம் குடுக்குற பெரிய ஆளுங்க வர்றாங்க. நண்டு சாகுது, கன்னு நட்டது வீணுன்னு சொல்லி எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க. அவளோட மூணு வருஷம் போச்சு!

சிவப்பு எப்படிக் கூடிச்சுன்னா… இந்தக் கட்டைவிரல்ல கட்டு போட்டிருக்கேன் பாருங்க. வெந்நீர் கொட்டிடுச்சுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். நண்டு மேடம். கடிச்சிடுச்சு. கடைக்கு லீவு விட்ட அன்னிக்கு, இருந்த கடைசி பாட்டில எடுத்துட்டுப் போயி, அவ எப்பவும் பிடிக்கிற அந்த மூலையிலயே… முப்பத்தெட்டு!

என்ன, அப்படிப் பாக்குறீங்க? போயிச் சொல்லணுமா? எப்படிச் சொல்றது? அக்கா அக்கான்னு உசுர விடுறா மேடம். இனிமே மூஞ்சியக் கூடப் பாக்க மாட்டா. மணி என்ன? ரெண்டரையா!

ஏய்! கண்ணாடி! வெளிய வா! இல்ல, அங்கயே நில்லு, கிட்ட வந்தா அடிப்ப. நான்தான். நான்தான்டி பூசினேன், முப்பத்தெட்டு! உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னு… ஏன் உக்காந்துட்ட? அழறியா? ஐயோ மேடம், சிரிக்கிறா! உருண்டு உருண்டு சிரிக்கிறா! விடுடி, கட்டிப்பிடிக்காத, சேறு, சேறு!

எது என்னோடதுன்னு எப்படித் தெரியும்னா? ஏன் தெரியாது? நீ ஒரு இழுப்பு இழுத்து விட்டுடுவ, எனக்கு அப்படிக் கை வராது. நான் பூசினா ரெண்டு கோட்டிங், அதுக்கு மேல பளபளப்புக்கு ஒண்ணு. அந்த இருபத்தொண்ணும் மேல தொட்டில இருக்கா? நட! மேடம், கைய அசைக்காதீங்க, இதோ வந்துடுறேன்…

மேடம்! கீழ கேக்குதா? இது என்னோடது, இதுவும்… இந்த ஓரத்தப் பாருங்க சார், பிசிறு இருக்கா? இது என்னோடது… பத்தொம்பது! பத்தொம்பது என்னோடது! அவளோடது ரெண்டே ரெண்டு! ஒண்ணும் சாகல மேடம், எல்லாம் உசுரோட இருக்கு!

எது, நானா? நாலு மணிக்கா? பெரிய ஆளுங்க முன்னாடி நானே சொல்லணுமா? …சரி. மானம் போவும். போனாப் போவுது, சொல்றேன். மேடம், உங்க இடது கைக்கு நீங்களே பூசிக்குங்க, பாட்டில் அங்கதான் இருக்கு. நான் மூஞ்சி கழுவிக் கிளம்பணும்.